இந்த ஆண்டின் சிறந்த துணைவி

அந்தக் கம்பெனியில் சம்பளம் என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லக் கூடாது. அப்படி ஒரு விதி எங்கும் இல்லைதான். ஆனாலும் வேலைக்குத் தேர்வாகி வந்திருந்த மெக்கானிக், "சம்பளம் எவ்வளவுன்னு சொல்லலையே மேடம்" என்று கேட்டதும் எச்.ஆர். பெண்ணின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சாப்பிட உட்கார்ந்த இடத்தில் யாரோ மூலநோயைப் பற்றிப் பேச்செடுத்ததுபோல ஆகிவிட்டது.

"அதுக்கு வருவோம் சார். அது கடைசி. சம்பளத்தை மட்டும் பாக்கிறவங்க ஒரு நாளும் நிறைவா வாழ முடியாது. முதல்ல நீங்க வேற என்னென்ன வாங்கப்போறீங்கன்னு பாத்துடலாம்."

மெக்கானிக்குக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. எந்த சோப்புக்கும் அசையாத கிரீஸ் கறை நகக்கண்ணில் உண்டு. நகரத்துக் கட்டடங்களில் பாதியின் லிஃப்டுகளைப் பராமரிக்கிற பெரிய கம்பெனி அது. அதன் கண்ணாடி அறையொன்றில், நாற்காலி என்று சொல்லி அவரை ஒரு மூட்டையின்மேல் உட்கார வைத்திருந்தார்கள். அதில் உட்காரலாம், எழுந்திருக்க முடியாது. வேலைக்கு ஆள் சேர்க்கிற அறையில் இப்படி ஒரு இருக்கையைப் போட்டவன் விவரமானவன்.

மேசைமேல் ஒரு வெண்கல மணி இருந்தது. அந்தப் பெண் ஒவ்வொரு சலுகையைச் சொல்லி முடித்ததும் மணியை அடிப்பாள். கண்ணாடிக்கு வெளியே வேலை செய்துகொண்டிருக்கிறவர்கள் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். முதல் இரண்டு தடவை மெக்கானிக் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் மரியாதைக்குக் கும்பிட ஆரம்பித்தார்.

வாரம் ஒரு நாள் பழம் தருவார்களாம். ஆளுக்கு ஒன்று, ஆபீஸிலேயே தின்றுவிட வேண்டும், கொட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மணி. மனசு சரியில்லை என்றால் தியான அறை உண்டு. சாவி வைத்திருக்கிற அதிகாரி மன அழுத்தத்தால் நீண்ட விடுப்பில் போயிருப்பதால் இப்போதைக்குப் பூட்டியிருக்கிறது. மணி. மனம்விட்டுப் பேச ஒரு போன் எண் உண்டு. பேசுகிறவர் யார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் ஊழியர் எண்ணை அழுத்தினால்தான் லைன் போகும். மணி. விடுப்புக்கு அளவே கிடையாது, எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுக்கலாம். எத்தனை நாள் பாக்கி என்று தெரியாததால் பயந்துகொண்டு யாரும் எடுப்பதில்லை. ஒரே ஒருவர் எடுத்தார். அவருடைய போட்டோ நடைவழியில் மாட்டியிருந்தது. பிரேமுக்குக் கீழே 'உங்களை இழந்து வாடுகிறோம்' என்று போட்டிருந்தார்கள். அவர் உயிரோடு, நன்றாகத்தான் இருக்கிறார். வேறு கம்பெனியில்.

"நாய், பூனை வளர்க்கிறீங்களா சார்? அதுக்கும் முழு மருத்துவச் செலவு உண்டு. டாக்டர் வீட்டுக்கே வருவார்."

மெக்கானிக் இல்லை என்றார். அவர் வந்தது ஒரே ஒரு விஷயத்துக்காக. "மாமியார் எங்கூடத்தான் இருக்காங்க. ரெண்டு முட்டியும் போயிடுச்சு. ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. அதுக்கு இன்சூரன்ஸ் வருமா?"

"துணைவியோட பெற்றோர் சேர்த்திதான் சார். முதல் நாள்லேருந்தே."

இந்த ஒரு தடவை அவள் அடிப்பதற்குள் மெக்கானிக்கின் கையே மணிப்பக்கம் போய்விட்டது.

கடைசியில் சம்பளம் வந்தது. ஒரு துண்டுத் தாளில் எழுதி, நான்காக மடித்து, யாரும் பார்க்காதபோது நகர்த்தினாள். இப்போது கான்ட்ராக்டர் தருவதைவிடக் குறைவு, அதுவும் நன்றாகவே குறைவு. அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் சுவரில் ஒரு பெரிய தொகையைப் போட்டுக் காட்டினாள். அதற்கு மொத்த மதிப்பு என்று பெயர். பழம், தியானம், போன் எண் எல்லாவற்றுக்கும் விலை போட்டுக் கூட்டியிருந்தார்கள். அதில் பாதிக்குமேல் ஒரே வரியில் இருந்தது. கம்பெனி என்கிற குடும்பத்தில் ஒருவராக இருப்பதன் மதிப்பு.

"இதுக்கெல்லாம் எப்படி மேடம் விலை?"

"அதுக்கு விலையே போட முடியாது சார்" என்றாள் அவள், கண் கலங்க. "ஆனா போட்டிருக்கோம்."

நாளெல்லாம் ஊர்க்காரர்களை ஏற்றி இறக்குகிற மெக்கானிக், சாயங்காலம் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறித்தான் வீட்டுக்குப் போவார். அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மனைவியின் ஆசைக்காக எடுத்த வீடு அது, காற்று வரும், மொட்டை மாடி பக்கம் என்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது, ஒரு வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளுடைய அம்மா ஒரு பையோடு வந்தார். அந்த வாரத்திலேயே மகள் போய்விட்டாள். அம்மாவுக்கு வேறு பிள்ளைகள் இல்லை, கணவரும் இல்லை. மருமகன் 'இருங்க' என்று சொல்லவில்லை, 'போங்க' என்றும் சொல்லவில்லை. அந்த அம்மாவும் கேட்கவில்லை. அந்தப் பை கட்டிலுக்கு அடியில் போயிற்று, அவ்வளவுதான்.

அவர்களுக்கு இடையில் இரண்டே சொற்கள்தான் மிச்சம் இருந்தன. இவர் 'அத்தை' என்பார், அவர் 'மாப்பிள்ளை' என்பார். சாப்டீங்களா மாப்பிள்ளை, ஆச்சு அத்தை. அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். பேசினால் அவளைப் பற்றித்தான் பேச வேண்டும், அதற்கு இரண்டு பேருக்கும் தெம்பு இல்லை. முட்டி கெட்டுப்போனபின் அத்தை கீழே இறங்கியே ஒரு வருஷத்துக்குமேல் ஆகிறது. நாள் முழுக்க சமையலறை ஜன்னலோரம்தான். அங்கிருந்து மனிதர்களின் முகம் தெரியாது. தெருவில் போகிறவர்களை உச்சந்தலையை வைத்தே இன்னார் என்று கண்டுபிடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டார்.

மெக்கானிக் வீட்டுக்கு எப்போது வருவார் என்பது மெக்கானிக்குக்கே தெரியாது. மனைவி இருந்தவரை தினமும் சாயங்காலம் போன் அடிப்பாள். எந்த லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்தாலும் எடுத்தாக வேண்டும். எத்தனை மணிக்கு வருவீங்க? இவர் சிடுசிடுப்பார். வேலை முடிஞ்சாதானே வர முடியும் என்பார். சொன்ன நேரத்துக்கு வரமாட்டார், அவள் சூடு பண்ணிய சாப்பாட்டைத் திரும்பச் சூடு பண்ணிக்கொண்டே சண்டை போடுவாள். இப்போது அந்த நேரத்துக்கு போன் அடிப்பதில்லை. அத்தைக்குக் கேட்க ஆசைதான். ஆனால் அது மனைவி கேட்கிற கேள்வி, தான் யார் கேட்க என்று நினைத்து, மூடி வைத்த தட்டைச் சரிபார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வார். தூங்க மாட்டார். இவர் வந்து தனியாகச் சாப்பிடுகிற சத்தம் கேட்டபிறகுதான் கண் மூடும்.

கான்ட்ராக்டரிடம் சலுகை என்று எதுவும் கிடையாது. கையில் காசைக் கொடுப்பார், அதில் குறை வைக்க மாட்டார். முட்டி ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னபோது ஒரு தைலத்தின் பெயரைச் சொன்னார். கம்பெனியில் சேரப்போகிறேன் என்றதும் காரணத்தையெல்லாம் கேட்டுக்கொண்டார். "சரிய்யா, போய் பழம் தின்னுட்டு வா" என்று அனுப்பி வைத்தார்.

சேர்ந்த சில வாரங்களில் இன்சூரன்ஸ் அட்டைக்காகத் துணைவியின் போட்டோ கேட்டார்கள். மெக்கானிக் நேரே எச்.ஆர். பெண்ணிடம் போய், மனைவி தவறி மூன்று வருஷம் ஆகிறது, மாமியாருக்கு மட்டும் அட்டை போதும் என்றார்.

"ஐயோ, சாரி சார்" என்றாள். பழக்க தோஷத்தில் மணிக்குப் போன கையைப் பாதியில் நிறுத்தினாள். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "அப்ப அவங்க உங்களுக்கு மாமியார் இல்லையே சார்."

"பின்ன யாரு?"

அவள் இன்னொரு தடவை தட்டிப் பார்த்தாள். வருத்தத்தோடுதான் சொன்னாள். "எங்க சிஸ்டம்படி, யாருமே இல்ல சார்."

மெக்கானிக்குக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. யாருமே இல்லை என்ற அந்தச் சொல் அவருக்குப் புதிதாகவும் இல்லை, இரண்டு பேருமாக அந்த வீட்டில் மூன்று வருஷமாக அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறார்களோ என்று நெஞ்சில் குத்தியது.

விஷயம் மகிழ்ச்சி மேலாளரிடம் போயிற்று. அப்படி ஒரு பதவி அங்கே இருந்தது. அந்த மனிதர் எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பார். கேட்கும்போதும் சிரிப்பு, படிக்கும்போதும் சிரிப்பு, கதவு திறக்கும்போதும் சிரிப்பு. மெக்கானிக்கின் கதையை முழுக்கச் சிரித்தபடி கேட்டார்.

"நாம குடும்பத்தை ரொம்ப மதிக்கிற கம்பெனி. அதனாலதான் குடும்பம்னா யார் யார்னு தெளிவா எழுதி வெச்சிருக்கோம். நீங்க விவாகரத்து ஆனவரா இருந்தா ஒரு வழி இருக்கு. பிரிஞ்சிருக்கீங்கன்னா இன்னும் சுலபம். இறந்துட்டாங்கன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் கொஞ்சம் நெகட்டிவா இருக்கு."

மேலாளர் உதவி செய்யாமல் விடுகிற ஆள் இல்லை. அடுத்தடுத்து யோசனை சொன்னார். அந்த அம்மாவையே பிள்ளையாகத் தத்தெடுத்துக்கொள்ளலாம், ஆனால் பிள்ளைகளுக்கு வயது வரம்பு இருபத்தைந்து. மெக்கானிக் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளலாம், மாமியாருக்கு உடனே அட்டை வந்துவிடும். "புது மாமியாருக்கு" என்று அவரே திருத்திக்கொண்டார். "அவங்களுக்கும் முட்டி வலி இருந்தா ரெண்டும் சரியாப் போச்சு."

"ஒரு சந்தேகம் சார்" என்றார் மெக்கானிக். "நாய் வளர்த்தா, அந்த நாய்க்கு முட்டி வலிச்சா?"

"முழுசா கவர் ஆகும். அதுல ஒரு சிக்கலும் இல்ல."

அடுத்த வாரம் கொள்கைக் குழு கூடியது. மேசைக்கு அந்தப்பக்கம் ஐந்து பேர், இந்தப்பக்கம் மூட்டையில் மெக்கானிக். குழுத்தலைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். துணைவி உங்களோடு பேசுகிறாரா? இல்லை. கடைசியாக எப்போது பேசினார்? மூன்று வருஷத்துக்கு முன்னால். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியுமா?

இந்தக் கேள்வியை மெக்கானிக்கே பல ராத்திரி தன்னிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். "தெரியாதுங்க" என்றார்.

"அவ்வளவுதானே?" என்று தலைவி நிம்மதியாகச் சாய்ந்தார். "நீண்ட நாளாகத் தொடர்பில் இல்லாத துணைவி. அதுக்குத் தனிப் பிரிவே இருக்கு. துணைவி இருக்காங்க, அதனால மாமியாரும் இருக்காங்க. எவ்வளவு அழகா வந்துடுச்சு பாருங்க."

மணி அடித்தது. வெளியே எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள்.

அது பொய் என்று மெக்கானிக்குக்குத் தெரியாதா? தெரியும். அந்த இடத்திலேயே மறுத்திருக்க வேண்டும், அதுவும் தெரியும். ஆனால் அத்தை காலையில் கட்டிலிலிருந்து எழுந்திருக்கும்போது வலியை மறைக்க இருமுகிற இருமல் காதில் கேட்டது. பேசாமல் வந்துவிட்டார். பஸ்ஸில் வரும்போது வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில், சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு சந்தோஷமும் இருந்தது. எங்கேயோ அவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று ஒரு பெரிய கம்பெனி ஒத்துக்கொண்டிருக்கிறதே. அத்தையிடம், இன்சூரன்ஸ் விஷயம் சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

உயிரோடு இருப்பவர்களைக் கம்பெனி சும்மா விடாது. மெக்கானிக்கின் போனுக்கு தினமும் செய்தி வர ஆரம்பித்தது. உங்கள் துணைவி இன்று போதுமான தண்ணீர் குடித்தாரா? உங்கள் துணைவி இன்று எத்தனை முறை சிரித்தார்? துணைவியருக்கான நடன வகுப்பில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். துணைவியர் கருத்துக் கணிப்பும் ஒன்று வந்தது. கணவர் தாமதமாக வீடு திரும்புவது உங்களுக்கு வருத்தமா? பதில் அளிக்காவிட்டால் முழுத் திருப்தி என்று எடுத்துக்கொள்ளப்படும்.

துணைவியின் பிறந்தநாளன்று கேக் வந்தது. அந்தத் தேதியில் அவர்கள் இரண்டு பேரும் வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசுவார்கள். இவர் வேலைக்குக் கிளம்பிப் போனபின், கேக் கொண்டுவந்த ஆள் மூன்று மாடி ஏறி வந்து கதவைத் தட்டி, அத்தையின் மகள் பெயரைச் சொல்லி, இருக்காங்களா என்று கேட்டான். இல்லை என்றார் அத்தை. எப்ப வருவாங்க என்றான். அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம், நான் அவங்க அம்மா, எங்கிட்ட கொடுங்க என்று வாங்கிக்கொண்டார்.

அன்று மெக்கானிக் வந்தபோது அத்தை படுக்கவில்லை. மேசைமேல் திறக்காத பெட்டியும் எதிரே அத்தையும். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். குழு, கேள்விகள், தொடர்பில் இல்லாத துணைவி, முட்டி. தலையை நிமிர்த்தவே இல்லை. அத்தை பெட்டியின்மேல் எழுதியிருந்த மகள் பெயரை விரலால் தடவினார்.

"அப்ப அவங்க கணக்குல இவளுக்கு வயசு ஏறிக்கிட்டே போகுமா?" என்றார் கடைசியில்.

"ஏறும் போலத்தான் இருக்கு அத்தை."

"ஏறட்டும்."

எழுந்து போய் கத்தியை எடுத்து வந்து கேக்கை வெட்டினார். இரண்டு தட்டில் வைத்தார். மூன்று வருஷத்தில் அன்றுதான் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் எதையோ சாப்பிட்டார்கள். இனிப்பு தூக்கலாக இருக்கிறது, அவளுக்குப் பிடிக்காது என்றார் அத்தை. ஆமாம் என்றார் மெக்கானிக். ஆனாலும் இரண்டு பேரும் தட்டில் மிச்சம் வைக்கவில்லை.

ஆபரேஷனுக்கு அனுமதி கிடைக்க இன்னும் ஒரே ஒரு சடங்கு பாக்கி இருந்தது. கம்பெனியின் குடும்ப தினத்துக்குப் பயனாளி நேரில் வர வேண்டும். நடக்க முடியாது என்பதற்காகத்தானே ஆபரேஷன் என்று மெக்கானிக் சொல்லிப் பார்த்தார். நடக்க முடியாதவர்கள் நடந்து வந்து காட்டினால்தான் எவ்வளவு முடியவில்லை என்று தெரியும் என்றார் மகிழ்ச்சி மேலாளர், சிரித்தபடி.

கூட வேலை பார்க்கிற இரண்டு மெக்கானிக்குகள் வந்து அத்தையை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து மூன்று மாடியும் இறக்கினார்கள். தெருவில் இறங்கியதும் அத்தை போகிற வருகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. ஒரு ஆள் குனிந்து செருப்பைச் சரிசெய்தபோதுதான், "அட, இவரா" என்றார்.

விழா மண்டபம் இரண்டாவது மாடி. லிஃப்ட் இருந்தது. இயக்குநர் எந்த நிமிஷமும் வரலாம் என்பதால் அதைக் கீழேயே நிறுத்தி, திறந்த கதவுக்கு முன்னால் ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். பக்கத்து மாடிப்படியில் லிஃப்ட் மெக்கானிக்குகள் மூன்று பேர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.

இயக்குநர் வந்தார், பேசினார். நல்ல குரல்.

"வெளியில கேக்கிறாங்க, உங்க கம்பெனியில சம்பளம் குறைவாமேன்னு. ஆமா, குறைவுதான். குடும்பத்துல யாராவது அம்மாகிட்ட சம்பளம் கேப்பாங்களா? கேட்டா அது குடும்பமா? சில பேர் கேக்கிறாங்க, வேலைநேரம் முடிஞ்சா வீட்டுக்குப் போகலாமான்னு. நான் கேக்கிறேன், வீட்லதானே இருக்கீங்க, எங்க போகணும்?"

கை தட்டல் அடங்கியதும் விருதுகள். ஒவ்வொரு துணைவியும் எத்தனை முறை ஆபீஸுக்கு போன் செய்தார், எத்தனை புகார் சொன்னார், எவ்வளவு மருத்துவச் செலவு கேட்டார் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இந்த ஆண்டின் சிறந்த துணைவி. இயக்குநர் தாளைப் பார்த்துப் படித்தார்.

"இந்த அம்மையார் ஒரு தடவைகூட போன் பண்ணல. ஒரு புகார் இல்ல, ஒரு கோரிக்கை இல்ல. ஒரு மாத்திரைக்குக்கூட காசு கேக்கல. கணவர் எந்நேரத்துக்கு வீடு திரும்பினாலும் ஏன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. இப்படி ஒரு பெண்மணி இருக்காங்கன்னு நம்பவே முடியல. சகோதரிகளே, நீங்க எல்லாரும் இவங்கள மாதிரியே ஆகணும்."

பெயரைச் சொன்னார்கள். மகள் பெயர் மைக்கில் கேட்டதும் அத்தை நாற்காலியின் கைப்பிடியை இறுக்கினார். துணைவி வரவில்லையா, பரவாயில்லை, தாயார் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று மகிழ்ச்சி மேலாளர் ஓடி வந்தார். நாற்காலியோடு மேடை ஏற்றினார்கள். இயக்குநர் கோப்பையைக் கொடுத்து, இப்படிப்பட்ட மகளை எப்படி வளர்த்தீர்கள், இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று மைக்கை வாயருகே பிடித்தார்.

அத்தை கோப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க சொல்றது எம் பொண்ணு இல்லைங்க. எம் பொண்ணு கேப்பா. தினமும் சாயங்காலம் போன் போட்டு எத்தனை மணிக்கு வருவீங்கன்னு கேப்பா. வரலேன்னா சண்டை போடுவா. சாப்பாட்ட சூடு பண்ணிப் பண்ணி, கரிச்சுக் கொட்டுவா. நீங்க சொல்ற அளவுக்கு அவ ஒண்ணும் நல்லவ இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அவ செத்து மூணு வருஷம் ஆச்சு. அதான் இப்ப கேக்கல."

யாரோ பழக்கத்தில் மணியை அடித்துவிட்டார்கள். மண்டபம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது.

மேடைக்குப் பின்னால் மகிழ்ச்சி மேலாளர் வியர்த்துக் கொட்டி நின்றார், அப்போதும் சிரிப்பு போகவில்லை. பயப்பட வேண்டாம், இயக்குநர் தன் கையால் விருது கொடுத்துவிட்டார், இனி அந்த அம்மையாரை இறந்தவராக மாற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை என்றார். ஒரே ஒரு வரிதான் வேண்டும். மாமியாருக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் குழம்பிப் பேசிவிட்டார் என்று மெக்கானிக் ஒரு கையெழுத்துப் போட்டால், இன்றைக்கே இரண்டு முட்டிக்கும் அனுமதி.

மெக்கானிக் அத்தையைப் பார்த்தார். அத்தை எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். போடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ முகத்தில் ஒன்றும் இல்லை. கால்கள் மட்டும் வீங்கிப்போய், தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. மெக்கானிக் பேனாவைக் கையில் வாங்கினார். வாங்கி வைத்துக்கொண்டு நெடுநேரம் அந்தக் கால்களையே பார்த்தார்.

"இவங்களுக்கு ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்" என்றார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். "எங்க வீட்ல ஞாபகத்துக்கு ஒரு குறையும் கிடையாது."

"நல்லா யோசிங்க. சட்டப்படி பாத்தா இவங்க உங்களுக்கு யாருமே இல்ல. யாரோ ஒருத்தருக்காக இவ்வளவு பெரிய பெனிஃபிட்டை விடுறீங்க."

"என் மாமியார் சார் இவங்க" என்றார் மெக்கானிக். இதைச் சொல்ல இவ்வளவு நாள் ஆகியிருக்கிறதே என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

வேலையும் அதோடு போயிற்று. கோப்பையை வாசலிலேயே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அது உயிரோடு இருக்கிற துணைவிக்கானது.

டாக்ஸி வீட்டு வாசலில் விட்டபோது தூக்க ஆள் இல்லை. கூட வந்தவர்கள் விழாவிலேயே இருந்துவிட்டார்கள், பாவம், அவர்களுக்கு இன்னும் அது குடும்பம். மருமகன் மாமியாரைத் தூக்குவது என்றால் இரண்டு பேருக்கும் கூச்சம். அத்தை முதல் படியில் உட்கார்ந்தார், கையை ஊன்றி அடுத்த படிக்கு ஏறி உட்கார்ந்தார். மெக்கானிக் ஒரு படி கீழே நின்று, கால்கள் இடிக்காமல் தாங்கிக்கொண்டே வந்தார். முதல் மாடி திரும்புகிற இடத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள்.

"நான் சும்மா இருந்திருக்கணும் மாப்பிள்ளை. வேலையும் போச்சு, முட்டியும் போச்சு."

"வேலை கான்ட்ராக்டர்கிட்ட இருக்கு. அங்க சம்பளம் ஜாஸ்தி. முட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமா சேர்ப்போம்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "அதுவரைக்கும் கீழ் வீடா பாத்துப் போயிடலாமா அத்தை? நீங்க இந்த வீட்ட விட மாட்டீங்கன்னுதான் நான் கேக்கவே இல்ல. அவ இருந்த வீடாச்சே."

அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க விட மாட்டீங்கன்னுல்ல நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

அத்தைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதார். மெக்கானிக்கும் படியில் உட்கார்ந்து, அவள் போனதிலிருந்து அழாத அழுகையை அங்கேதான் அழுதார். மேல் மாடிக்காரர் ஒருவர் இறங்கி வந்து, லிஃப்ட் இல்லாததற்கா இவ்வளவு வருத்தம் என்பதுபோலப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்.

மறுநாள் காலை மெக்கானிக் கான்ட்ராக்டருக்கு போன் செய்தார். "பழம் தின்னாச்சா?" என்றார் கான்ட்ராக்டர். வேறு ஒன்றும் கேட்கவில்லை, ஒரு பழைய கட்டடத்தின் விலாசத்தைச் சொல்லிக் கிளம்பி வரச் சொன்னார்.

மெக்கானிக் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கியிருப்பார். பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றார். ஏதோ சொல்ல வந்து, விழுங்கி, மறுபடி வாயெடுத்தார்.

"மாப்பிள்ளை, எத்தனை மணிக்கு வருவீங்க?"

மெக்கானிக் நின்றுவிட்டார். சட்டென்று திரும்ப முடியவில்லை. பையின் வாரைச் சரிசெய்வதுபோலக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"இருட்டறதுக்குள்ள வந்துடறேன் அத்தை."

சொன்னதுபோலவே வந்தார். தெருமுனையில் வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து அவருடைய உச்சந்தலையைப் பார்த்துவிட்டு, அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டைச் சூடு பண்ணப் போனார்.